எட்டு இலட்சத்துக்குக் கீழே ஒரு வீடு

சந்திரமதியின் தொழில், ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன வீடுகளைத் துப்புரவாக்குவது. சுவிஸ் நாட்டில் வாடகை வீட்டை விட்டுப் போகிறவர், வீட்டை ஒப்படைக்கும் நாளில் ஒரு சோதனைக்கு நிற்க வேண்டும். வீட்டுக்காரரின் ஆள் கையில் ஒரு எழுதும் மட்டையும் தாளுமாக வருவார். கதவுநிலையின் மேல்விளிம்பை விரலால் தடவுவார். வெதுப்பி அடுப்புக்குள் டோர்ச் அடிப்பார். குளியல் பூவாளியைக் கழற்றிச் சுண்ணாம்பு பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு இடத்தில் பிழை கண்டாலும் துப்புரவு செய்தவர் திரும்பி வந்து செய்துகொடுக்க வேண்டும், அதுவும் இலவசமாக. இருபத்திரண்டு வருடத்தில் சந்திரமதியை யாரும் திருப்பிக் கூப்பிட்டதில்லை. இதை அவள் யாரிடமும் பெருமையாகச் சொல்வதில்லை. வாரத்துக்கு ஒருமுறை சாதாரணமாகச் சொல்வாள்.

அப்படிப்பட்டவளிடம் போய், வீட்டை ஊத்தையாக வைத்திரு என்று கணவர் குகநாதன் சொன்னார்.

காரணம் கெமைண்டயின் கடன். லுசேர்ணிலிருந்து ரயிலில் இருபத்திரண்டு நிமிடம் போனால் வரும் அந்தச் சிற்றூரில் பதினொரு வருடத்துக்கு முன்னர் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் போதவில்லை. ஊர் நிர்வாகமான கெமைண்ட, பிள்ளை உள்ள குடும்பங்கள் வீடு வாங்கினால் விலையில் ஐந்தில் ஒரு பங்கை வட்டியில்லாமல் தருவதாக அறிவித்தது. குகநாதனுக்கு அப்போது ஒரு மகள், ஒரு மனைவி, லுசேர்ண் ஹோட்டலொன்றில் காலைச் சமையல் வேலை. தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு பழைய வீட்டை ஆறு இலட்சத்து நாற்பதாயிரம் பிராங்குக்கு வாங்கினார்கள். கெமைண்ட ஒரு இலட்சத்து இருபத்தெட்டாயிரம் கொடுத்தது. பன்னிரண்டு வருடத்துக்குள் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் வீட்டை விற்கச் சொல்லும் உரிமை கெமைண்டக்கு உண்டு.

ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தது. திருப்ப வேண்டியது வாங்கிய தொகையை அல்ல. திருப்பும் நாளில் வீட்டின் பெறுமதி எவ்வளவோ, அதில் ஐந்தில் ஒரு பங்கு. குகநாதன் ஐந்தாம் பக்கம் வரைக்கும் கவனமாக வாசித்திருந்தார்.

இப்போது அவர்களிடம் வங்கியில் ஒரு இலட்சத்து அறுபதாயிரம் இருந்தது. அது எட்டு இலட்சத்தின் ஐந்திலொன்று. மதிப்பீட்டாளரின் கூலியையும் கழித்துப் பார்த்தால் சரியான எல்லை ஏழு இலட்சத்துத் தொண்ணூற்றுநாலாயிரம். ஆனால் எட்டு என்றால் மனதில் நிற்கும் என்பதால் வீட்டில் எல்லாரும் எட்டு என்றே சொன்னார்கள். எட்டைத் தாண்டினால் வங்கியும் உதவாது. குகநாதனுக்கு அறுபத்துமூன்று வயது. வங்கிப் பெடியன் அவருடைய பிறந்த திகதியைப் பார்த்துவிட்டு, ஒரு கோப்பி குடிக்கிறீர்களா என்று மட்டும் கேட்டான்.

"ஆயிரத்து இருநூறு பிராங்காம் அந்த ஆளுக்கு," என்றார் குகநாதன். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு மேசை. "எங்கட கழுத்தை அறுக்க நாங்களே கத்திக்குக் காசு குடுக்கிறம்."

"ஆர் வாறாராம்?"

"புர்கியாம் பேர். கெமைண்டயின்ர லிஸ்டில இருக்கிற ஆள். புதன் ரெண்டு மணிக்கு." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே தொடர்ந்தார். "இதே கடன் வாங்கின நித்தியானந்தன் போன் எடுத்தவன். அவன் என்ன செய்தவன் தெரியுமோ? மதிப்பீட்டுக்கு ஆள் வரேக்க வீட்டுக்குப் பெயின்ற் அடிச்சு, கல்யாண மண்டபத்தில கிடந்த தொங்குவிளக்கை வாங்கிக் கொண்டந்து மாட்டினவன். பிறகு தலையில கை வைச்சுக்கொண்டு இருக்கிறான். 'அண்ணை, அந்த ஆள் வரேக்க உங்கட வீடு செத்தவீடு மாதிரி இருக்கவேணும்' எண்டு சொன்னவன்."

"செத்தவீடெண்டாலும் கூட்டித்தானே வைப்பினம்," என்றாள் சந்திரமதி.

"நீ கூட்டவேண்டாம். புதன்கிழமை மட்டும் கூட்டவேண்டாம். உன்ர காலில விழுந்து கேக்கிறன்."

மகள் தர்மிகா கைபேசியிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்: "அப்பா, நீங்கள் காலில விழுந்தா அம்மா முதல்ல அந்த இடத்தைத் துடைப்பா." அவளுக்கு இருபது வயது. கட்டட வரைபடம் வரையும் அலுவலகத்தில் பயிற்சி எடுக்கிறாள். புதன்கிழமை அவளுக்கு வகுப்பு நாள், மத்தியானத்தோடு வந்துவிடுவாள்.

சந்திரமதி ஓம் என்றாள். உண்மையாகவே ஓம் என்றுதான் சொன்னாள். வீடு கைவிட்டுப் போவதைவிட ஒரு நாள் தூசியோடு இருப்பது மேல் என்பது அவளுக்கு விளங்காமல் இல்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் குகநாதன் வேலையைத் தொடங்கினார். நடைபாதையின் மூன்று பல்புகளில் இரண்டைக் கழற்றினார். குசினி அலுமாரிக் கதவின் திருகாணியைத் தளர்த்தி, கதவு ஒரு பக்கம் சரிந்து நிற்கும்படி செய்தார். தோட்டத்திலிருந்து ஒரு கூடை இலை கொண்டுவந்து வாசற்படியில் கொட்டினார். கூரை எங்கேயும் ஒழுகாதபடியால் எங்கே ஒழுகினால் நம்பும்படி இருக்கும் என்று யோசித்து, படிக்கட்டுக்குக் கீழே ஒரு வாளியை வைத்தார். வாளி வெறுமையாக இருப்பது சரியில்லை என்று பட்டதால் அரை வாளி தண்ணீர் ஊற்றினார். பிறகு கைகளைத் தட்டிக்கொண்டு தன் வீட்டைப் பார்த்தார். ஹோட்டலில் ஒரு சாப்பாட்டுத் தட்டை அலங்கரித்து முடித்தவரைப் போல அவருக்கு ஒரு திருப்தி.

புதன்கிழமை காலை நாலு ஐம்பதுக்கு அவர் வேலைக்குப் போனார். சந்திரமதி அன்று லீவு எடுத்திருந்தாள். ஐந்து மணி வரைக்கும் கட்டிலில் கிடந்தாள். ஐந்து பத்துக்கு வாசற்படி இலைகளை மட்டும் ஒதுக்குவோம் என்று போனாள். யாராவது வழுக்கி விழுந்தால் காப்புறுதிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டுமே. இலையை ஒதுக்கினால் படியில் பாசி தெரிந்தது. பாசியைத் தேய்த்தால் கதவின் கீழ்ப்பகுதி பழுப்பாகத் தெரிந்தது. கதவைத் துடைத்தபோது அவளுடைய கை தானாகவே கதவுநிலையின் மேல்விளிம்புக்குப் போனது.

அவளுடைய மனதில் ஒரு படம் ஓடியது. மட்டையும் தாளுமாக ஒரு சுவிஸ்காரர். விரல் நுனியில் கறுப்பு. அவர் எதுவும் சொல்ல மாட்டார். அவர்கள் எப்போதும் எதுவும் சொல்ல மாட்டார்கள். விரலை மட்டும் திருப்பிக் காட்டுவார்கள்.

ஒரு மணிக்கு அவள் நிமிர்ந்தபோது ஏழு மணித்தியாலமும் ஐம்பது நிமிடமும் ஆகியிருந்தது. யன்னல் கண்ணாடியை மூன்று தரம் துடைத்திருந்தாள். குளியல் பூவாளி வினாகிரியில் ஊறி வெளிவந்திருந்தது. அலுமாரித் திருகாணி இறுக்கப்பட்டு, பல்புகள் எரிந்தன. கெல்லருக்கும் இறங்கி, நிலத்துக்குக் கீழேயிருந்த பெரிய அறையை மட்டும் இரண்டு மணித்தியாலம் தேய்த்திருந்தாள். வாளியை மட்டும் அவள் எடுக்கவில்லை. கணவன் ஆசையாக வைத்தது. தண்ணீரை மாற்றிவிட்டு, வாளியைக் கழுவி அதே இடத்தில் வைத்தாள்.

ஒன்று நாற்பதுக்கு வந்த குகநாதன் வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றார்.

"மதி."

"என்ன?"

"வீடு மினுங்குது."

"கொஞ்சம் கூட்டினன்."

"நான் என்ர முகத்தை நிலத்தில பாக்கிறன். அழுகிற முகம்."

"அம்மாக்கு வருத்தம் அப்பா. மருந்தில்லை," என்றாள் தர்மிகா படிக்கட்டிலிருந்து. "வாளித் தண்ணியில ஒரு எலுமிச்சம்பழத் துண்டும் போட்டிருந்தா விருந்தாளிக்குக் குடுக்கலாம்."

மணி அடித்தது. சரியாக இரண்டு.

ஹெர் புர்கிக்கு, அதாவது திரு. புர்கிக்கு, ஐம்பது வயதிருக்கும். உயரமான, அமைதியான ஆள். கையில் மட்டையும் தாளும் இருந்தன. வாசலில் நின்று சப்பாத்துகளுக்கு மேல் நீலப் பிளாஸ்டிக் உறைகளை மாட்டிக்கொண்டார். சந்திரமதிக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது. அவர்கள் நால்வரும் ஜேர்மனில்தான் கதைத்தார்கள். குகநாதனும் சந்திரமதியும் ஒருவரையொருவர் திட்டுவதற்கு மட்டும் தமிழைப் பாவித்தார்கள்.

ஆனால் அந்த மனிதர் எதையும் தடவவில்லை. ஒரு சின்னக் கருவியைச் சுவரில் வைத்து அழுத்தினார், அது ஒரு சிவப்புப் புள்ளியை அடித்து நீளத்தைச் சொன்னது. யன்னல் எந்த வருடம் போட்டது என்று கேட்டார். பொயிலர் எந்த வருடம் என்று கேட்டார். கதவுநிலைகளுக்குக் கீழால் எட்டுத் தரம் போய் வந்தார், ஒரு தரமும் மேலே பார்க்கவில்லை. சந்திரமதிக்கு ஏதோ அவமானமாக இருந்தது. மனிசன் வேலை தெரியாதவரோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது.

குகநாதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார்.

"இந்தச் சுவருக்குள் ஈரம்," என்றார்.

புர்கி ஒரு கருவியை வைத்துப் பார்த்தார். "உலர்ந்திருக்கிறது."

"கூரை ஒழுகும். வாளி பாருங்கள்."

புர்கி வாளியைப் பார்த்தார், மேலே பார்த்தார். மேலே இருந்தது கூரை அல்ல, தர்மிகாவின் அறை. "மிகச் சுத்தமான மழை," என்றார்.

"ரயில்," என்றார் குகநாதன், கடைசி ஆயுதத்தை எடுத்தவராக. "அரை மணிக்கு ஒன்று போகும். கோப்பை எல்லாம் ஆடும். இரண்டு பதினேழுக்கு வரும், நில்லுங்கள்."

நால்வரும் யன்னலோரம் நின்றார்கள். இரண்டு பதினேழு ஆனது. இரண்டு இருபது ஆனது. ஒரு குருவி தண்டவாளத்தில் வந்து இருந்தது.

"இன்று ஒன்றரை மணியிலிருந்து பாதையை மூடித் திருத்துகிறார்கள்," என்றார் புர்கி. "நான் மாற்றுப் பஸ்ஸில்தான் வந்தேன்."

"பதினொரு வருசமா என்ர நித்திரையைக் கெடுத்த ரயில்," என்று குகநாதன் தமிழில் சொன்னார். "இண்டைக்கு மட்டும் மரியாதை தெரிஞ்சு நிக்குது."

மேல்மாடி முடிந்ததும் புர்கி தாளில் கூட்டிப் பார்த்தார். எழுதித் தரும்வரை எதுவும் உறுதியில்லை, ஆனால் எட்டு இலட்சத்தைத் தொடாது என்று நினைக்கிறேன் என்றார். குகநாதனின் முகத்தில் இரத்தம் திரும்பி வந்தது. கோப்பி போடச் சொன்னார்.

"வரைபடத்தில் கீழே ஒரு அறை இருக்கிறது," என்றார் புர்கி.

"உருளைக்கிழங்கு," என்றார் குகநாதன். "உருளைக்கிழங்கும் பழைய சைக்கிளும். பூட்டுத் திறப்பும் எங்கேயோ போய்விட்டது."

இந்த இடத்தில்தான் சந்திரமதி பிழைவிட்டாள். சோதனைக்கு வந்த ஆளுக்கு ஒரு அறையைக் காட்டாமல் விட்டால் அந்த அறையில் ஏதோ இருக்கிறது என்று எழுதுவார்கள். இது அவளுக்கு இருபத்திரண்டு வருடம் படிப்பித்த பாடம். அதோடு, உள்ளதைச் சொன்னால், அந்த அறைக்கு அவள் இரண்டு மணித்தியாலம் கொடுத்திருந்தாள். யாரும் பார்க்காத துப்புரவு எதற்கு?

"திறப்பு என்னிடம் இருக்கிறது," என்றாள்.

கெல்லர் அறை விளக்கு எரிந்ததும் புர்கி முதல் தடவையாகப் புன்னகைத்தார். வெள்ளை ஓடு பதித்த சுவர். நாலு அடுப்பு வைத்த சமையல் மேடை. தண்ணீர்த் தொட்டி. ஒரு மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட குளியல், பக்கத்தில் கழிப்பறை. தோட்டத்துக்குத் திறக்கும் தனிக் கதவு. எல்லாம் மினுங்கின.

"அழகான தனிக் குடியிருப்பு," என்றார். "ஒருவருக்கு மாதம் ஆயிரத்து நூறுக்கு வாடகைக்கு விடலாம். இதற்கு ஒரு அறுபது, எழுபதாயிரம் கூடும்."

எட்டு இலட்சத்து அறுபதாயிரத்தின் ஐந்திலொன்றைக் குகநாதன் மனதில் போட்டுப் பார்த்தார். கையிலிருந்த காசில் பன்னிரண்டாயிரம் குறைந்தது. பிறகு அவர் மனைவியைப் பார்த்த பார்வையை எழுதுவதற்குத் தாள் காணாது.

"இது குடியிருப்பு இல்லை," என்றாள் தர்மிகா அவசரமாக. "இது மீன் குசினி."

"மன்னிக்கவும்?"

"மேலே குசினிக்குப் பக்கத்தில் சாமியறை. அதனால் அங்கே மரக்கறி மட்டும்தான். மீன், இறைச்சி எல்லாம் இங்கே."

"குளியல்?"

"செத்தவீட்டுக்குப் போய் வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் வரக்கூடாது. இந்தக் கதவால் வந்து, இங்கே குளித்துவிட்டுப் பிறகுதான் மேலே."

புர்கி யோசித்தார். "வருடத்துக்கு எத்தனை?"

"இந்த வருடம் ஏழு," என்றார் குகநாதன் துக்கத்தோடு. "இன்றோடு எட்டு."

"விளங்குகிறது. ஆனால் நான் பார்ப்பது, நீங்கள் எதற்குப் பாவிக்கிறீர்கள் என்பதை அல்ல. ஒருவர் இங்கே வாழ முடியுமா என்பதை." அவர் அடுப்புக்கு மேலிருந்த மின் புகைபோக்கியை நிமிர்ந்து பார்த்தார். "உயரம் போதும். யன்னல் உண்டு. புகையும் வெளியே போகிறது."

"போகாது," என்றார் குகநாதன். "அந்தக் குழாய் சுவருக்குள் போய் நிற்கிறது. மறுபக்கம் கொங்கிரீட். என்னால் துளைக்க முடியவில்லை."

ரயிலைத் தவிர்த்தால், அன்று அவர் வீட்டைப்பற்றிச் சொன்ன முதல் உண்மை அது. புர்கி வாளியை நினைத்துக்கொண்டவராகத் தலையை ஆட்டினார். "நான் பார்க்கிறேன், குழாய் சுவருக்குள் போகிறது. நான் பார்ப்பதைத்தான் எழுதுவேன்." பேனையைத் திறந்தார்.

"பொய்யைக் கொட்டிப்போட்டு இப்ப உண்மையைச் சொன்னா ஆர் நம்பிறது?" என்றாள் சந்திரமதி தமிழில்.

"நீ திறப்பை எடுத்துக் குடுத்துப்போட்டு எனக்குப் புத்தி சொல்லுறியோ?"

"அம்மா," என்றாள் தர்மிகா மெதுவாக. "சனிக்கிழமை தூளுக்கு வறுக்கவெண்டு வாங்கின செத்தல் மிளகாய் எங்க?"

சந்திரமதி மகளைப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். காலையில் நாற்பது நிமிடம் அதற்கு மட்டும் போயிருந்தது. ஓடுகளின் இடுக்குகளை ஒரு பல்துலக்கும் தூரிகையால் தேய்த்திருந்தாள். மட்டையும் தாளுமாக ஒரு ஆள் நிற்கும்போது, அவருடைய கண்ணுக்கு முன்னாலேயே, தான் துப்புரவாக்கிய இடத்தைத் தானே பாழாக்குவது என்பது அவளுடைய கனவில்கூட வராத காரியம். கை வரவில்லை. பேனை தாளைத் தொட்டது.

அவள் கீழ் அலுமாரியைத் திறந்து பெரிய இரும்புத் தாச்சியை எடுத்தாள்.

"ஹெர் புர்கி, ஐந்து நிமிடம் நில்லுங்கள். சமைத்துக் காட்டுகிறேன்."

அடுப்பை முழுதாக ஏற்றினாள். புகைபோக்கியைப் போட்டாள், அது நன்றாகச் சத்தம் போட்டது. குளிர்காலத்தில் இருப்பதைப் போல யன்னலையும் கதவையும் சாத்தினாள். தாச்சி காய்ந்ததும் ஒரு கிலோ செத்தல் மிளகாயைக் கொட்டிக் கிளறத் தொடங்கினாள். வழக்கமாகக் கதவுகளைத் திறந்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டுதான் வறுப்பாள்.

முதல் நிமிடம் புர்கி எழுதிக்கொண்டு நின்றார். இரண்டாவது நிமிடம் தொண்டையைச் செருமினார். மூன்றாவது நிமிடத்தில் புகைபோக்கி உறிஞ்சிய காற்று முழுவதும் சுவரில் முட்டித் திரும்பி அவருடைய முகத்துக்கு நேரே வந்தது. ஒரு தும்மல், இரண்டு, பிறகு இருமல். புகை எச்சரிக்கைக் கருவி கீச்சிட்டது. மேலே அடுத்ததும் கீச்சிட்டது. மிளகாய் கறுத்தது. குகநாதன், முப்பத்திரண்டு வருடச் சமையல்காரர், கண்ணீர் வழியச் சொன்னார்: "கிளறு மதி, கிளறு, விடாதை."

புர்கி தோட்டத்துக் கதவைத் தடவித் தேடித் திறந்து வெளியே பாய்ந்தார். நீல உறைகளோடு புல்லில் நின்று, முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு இருமினார். தர்மிகா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் வெளிச் சுவரைச் சுற்றி நடந்து பார்த்தார். குழாய் எங்கேயும் வெளியே வரவில்லை.

"வெளியே போகவில்லை," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அதைத்தானே சொன்னேன்," என்றார் குகநாதன்.

"நீங்கள் நிறையச் சொன்னீர்கள்."

மூன்று கிழமையில் அறிக்கையும் கூலிச் சீட்டும் ஒரே உறையில் வந்தன. பெறுமதி ஏழு இலட்சத்துத் தொண்ணூற்றோராயிரம். கெமைண்டக்கு ஒரு இலட்சத்து ஐம்பத்தெட்டாயிரத்து இருநூறு. கூலி ஆயிரத்து இருநூறு. மிச்சம் அறுநூறு பிராங். குகநாதன் அந்தத் தாளைக் கொண்டுபோய்ச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, நித்தியானந்தனுக்குப் போன் எடுத்து, வீடு மினுங்க மினுங்க வைத்தே குறைக்கலாம், அதற்கு ஒரு கெட்டித்தனம் வேணும் என்றார்.

சந்திரமதி ஒன்பதாம் பக்கத்தில் நின்றாள். கணவனைப் போல அவள் பக்கங்களை விட்டுவிட்டு வாசிப்பதில்லை.

"இஞ்சாருங்கோ. இதென்ன எழுதியிருக்கு?"

அங்கே எழுதியிருந்தது: நிலக்கீழ் அறை, குடியிருப்பாகாது. சாதாரணத் துப்புரவினால் நீக்க முடியாத கடும் நெடி சுவர்களில் ஊறியுள்ளது. இதற்காகப் பன்னிரண்டாயிரம் கழிக்கப்பட்டது.

"சாதாரணத் துப்புரவாம்," என்றாள் அவள்.

"விடு மதி."

"என்ர துப்புரவு சாதாரணமாம். நான் அண்டைக்கு வறுத்ததுதான் மணத்தது. ஊறினதெண்டு எப்பிடி எழுதுவார்? இருபது நாளுக்குள்ள மறுப்பு எழுதலாமெண்டு கீழ கிடக்கு. பிள்ளை, எழுது."

தர்மிகா கணக்கைப் போட்டுக் காட்டினாள். மறுப்பில் அம்மா வென்றால் பெறுமதி எட்டு இலட்சத்து மூவாயிரமாகும். அதில் ஐந்திலொன்று ஒரு இலட்சத்து அறுபதாயிரத்து அறுநூறு. கூலியும் சேர்த்தால் ஆயிரத்து எண்ணூறு குறையும். "நீங்கள் வெண்டா வீடு போகும், அம்மா."

சந்திரமதி தாளை மூன்று நாள் குசினி மேசையில் வைத்திருந்தாள். போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்தாள். நாலாம் நாள் காலையில், ஏற்றுக்கொள்கிறேன் என்ற இடத்தில் தன் கையெழுத்தை வைத்தாள். வேலைக்குப் போன இடத்தில் கூட்டாளிகள், என்ன இன்றைக்குக் கதையில்லை என்று கேட்டார்கள். இருபத்திரண்டு வருடம் என்ற பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை.

கெமைண்டயின் பற்றுச்சீட்டு நவம்பர் கடைசியில் வந்தது. கடன் தீர்ந்தது, வீட்டில் கெமைண்டக்கு இனி எந்த உரிமையும் இல்லை. அதைக் கோப்பில் போட்ட கையோடு சந்திரமதி கெல்லருக்கு இறங்கினாள். சனியும் ஞாயிறும் சுவரை வினாகிரியாலும் சோடா மாவாலும் கழுவி, காயவிட்டு, மறுபடி கழுவினாள். மிளகாயைத் தோட்டத்தில் வைத்து வறுப்பது என்று முடிவாகியிருந்தது. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அவள் ஹெர் புர்கியின் அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள். குகநாதன் கோப்பிக் கோப்பையோடு கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஹெர் புர்கி ஒருதரம் வந்து பார்க்க வேண்டும்," என்றாள்.

திரும்பவும் மதிப்பீடா என்று கேட்டாள் அங்கிருந்த பெண். அப்படியானால் ஆயிரத்து இருநூறு பிராங்.

"மதிப்பீடு வேண்டாம். அளக்கவும் வேண்டாம்," என்றாள் சந்திரமதி. "என்னிடம் அறுநூறுதான் இருக்கிறது. கீழ் அறைக்கு மட்டும், மூக்கோடு வந்தால் போதும்."